நியூரோஃபீட்பேக்கா, ஆப்பா, கவுன்சிலிங்கா: பதட்டத்துல தவிக்கிற பசங்களுக்கு எதுல காசு போடலாம்?

ஜனவரி பொறந்து பிராக்டிகல் தேதி வந்துட்டா போதும், இந்தக் கேள்வி வரிசையா வர ஆரம்பிச்சிடும். மடிப்பாக்கத்துலேர்ந்து ஒரு அக்கா அனுப்பினதத்தான் இங்க எடுத்துக்கறேன், ஏன்னா மத்தவங்க கேக்கறதெல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. பொண்ணு பிளஸ் ஒன், நல்லா படிக்கற பொண்ணு, டெஸ்ட்னா காலைல வயித்த வலிக்குது, வாந்தி வருது, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்ப பக்கத்துல ஒரு பிரெயின் ட்ரெயினிங் சென்டர்ல நியூரோஃபீட்பேக்னு 40 சிட்டிங் பேக்கேஜ் சொல்றாங்களாம், ஸ்கூல் கவுன்சிலர் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு தெரபி) பண்ற சைக்காலஜிஸ்ட்ட பாருங்கங்கறாங்களாம், வீட்டுக்காரர் ஃபோன்லயே ஆப் இருக்கு அதப் போடுங்கறாராம், மாமியார் யோகா கிளாஸ் போதும்னு முடிவே பண்ணிட்டாங்களாம். அக்கா நடுவுல நின்னுட்டு எதுக்குப் பணம் கட்டறதுன்னு கேக்கறாங்க.

நான் டாக்டர் இல்ல, பல வருஷமா பிளஸ் ஒன் பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறவ, அவ்ளோதான். ஆனா இந்தப் பதட்டத்த கிட்டத்துலேர்ந்து பாத்துட்டே இருக்கறதால இதப் பத்தி நிறைய படிச்சிருக்கேன், டாக்டர்கள நச்சரிச்சிருக்கேன்.

முதல்ல ரெண்டு விஷயம், எந்தப் பேக்கேஜும் வாங்கறதுக்கு முன்னாடி

புள்ள "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்னாலோ, கைய கீறிக்கற அடையாளம் தெரிஞ்சாலோ, வாரக்கணக்கா ஸ்கூலுக்கே போகலன்னாலோ இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு இல்ல, அன்னைக்கே சைக்கியாட்ரிஸ்ட். ராத்திரின்னா 14416 டெலிமானஸ், கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. 104 ஹெல்த் ஹெல்ப்லைனும் இருக்கு, நீட் எழுதற பசங்களுக்கு கவர்மெண்ட் கவுன்சிலிங் அது வழியாத்தான் குடுக்கறாங்க.

ரெண்டாவது, ஒரு சாதாரண பிளட் டெஸ்ட். தைராய்டு ஏறி இருந்தாலோ ரத்தம் கம்மியா இருந்தாலோ நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும், பாத்தா பதட்டம் மாதிரியே இருக்கும். கூடவே தூக்கம். 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரம் தூங்கணும், நம்ம பசங்க கோச்சிங் முடிச்சு வந்து பன்னெண்டு மணிக்கு படுத்து அஞ்சரைக்கு எழுந்து, நடுவுல ரெண்டு காப்பி ஒரு எனர்ஜி டிரிங்க். இத சரி பண்ணாம மூளைய ட்ரெயின் பண்றேன்னு கெளம்பினா பாதி காசு வீண்.

எத வெச்சு எடை போடறது

நான் பாக்கறது நாலு. ஒண்ணு, சும்மா நல்லா இருக்குன்னு சொல்றாங்களா, இல்ல டம்மி ட்ரீட்மெண்ட் கூட வெச்சு ஒப்பிட்டுப் பாத்து நிரூபிச்சிருக்காங்களா. பதட்டம் ஏறி எறங்கற சமாச்சாரம், எக்ஸாம் முடிஞ்சா தானா கொறையும், அந்த நேரத்துல எது பண்ணிட்டிருந்தாலும் அதுக்குத்தான் பேர் போகும். அதனால இந்த ஒப்பீடு ரொம்ப முக்கியம்.

ரெண்டு, அங்க வர்ற அமைதி எக்ஸாம் ஹால்ல வருமா. என்னப் பொறுத்தவரைக்கும் இதுதான் தலையாய கேள்வி. மூளை எத பழகுதோ அதுலதான் தேறும், ஸ்டேண்டு போட்ட சைக்கிள எவ்ளோ மிதிச்சாலும் கால் பலமாகுமே தவிர ஜிஎஸ்டி ரோட்ல ஓட்ட வராது.

மூணு, ரசீதுல வராத செலவு: டிராஃபிக், போற சாயங்காலங்கள், அப்புறம் புள்ள மனசுல "எனக்கு மூளையில ஏதோ கோளாறு"ன்னு உக்காந்துக்கற எண்ணம். நாலு, பண்றவங்க யாரு, என்ன படிச்சிருக்காங்க.

நியூரோஃபீட்பேக்

தலையில எலெக்ட்ரோடு ஒட்டி மூளையோட மின் அலைகள கம்ப்யூட்டர்ல காட்டுவாங்க. எதிர்பாத்த அலை வந்தா திரையில கார் ஓடும், படம் தெளிவாகும், இல்லன்னா நின்னுடும், இப்படியே பல தடவ செஞ்சா மூளை அந்த நிலைக்குப் பழகிடும்ங்கறது கணக்கு. இது மந்திரம் தந்திரம் இல்ல. ஜெர்மனில ஹான்ஸ் பெர்கர் 1924ல மனுஷ மூளையோட அலைய மொதல்ல பதிவு பண்ணார், 1960கள்ல அமெரிக்காவுல அலைகள பழக்கி மாத்த முடியுதான்னு ஆராய்ச்சி ஆரம்பிச்சாச்சு. அலைய மாத்த முடியும், அதுல சண்டை இல்ல. அலை மாறினா பதட்டம் கொறையுதாங்கறதுதான் கேள்வி.

இதுல நல்லா டெஸ்ட் ஆனது பதட்டத்துக்கு இல்ல, கவனக்குறைவுப் பிரச்சனையான ஏடிஹெச்டிக்கு. 2021ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 7லேர்ந்து 10 வயசுப் பசங்க 144 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு நெஜ நியூரோஃபீட்பேக், இன்னொரு குரூப்புக்கு அதே மிஷின் அதே சேர் ஆனா அவங்க மூளைக்கு சம்பந்தமில்லாத சிக்னல். யாருக்கு எதுன்னு பசங்களுக்கும் தெரியாது பெத்தவங்களுக்கும் தெரியாது. முடிவுல ரெண்டு குரூப்பும் நல்லாவே முன்னேறினாங்க, ரெண்டுக்கும் நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. அதாவது வாரா வாரம் ஒரு பெரியவங்க உக்காந்து கவனிச்சு, சபாஷ்னு சொன்னதே வேலை செஞ்சிருக்கலாம். டீனேஜ் பதட்டத்துக்கு இருக்கறதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுங்க, அத நம்பி லோன் போட முடியாது.

செலவு கணக்கு போடுங்க. ஒரு சிட்டிங் 2000 ரூபான்னு வெச்சுக்கிட்டா 40 சிட்டிங் 80,000. அதுக்கு முன்னாடி பிரெயின் மேப்பிங்னு தனியா ஒரு பில், நடுவுல திரும்ப மேப்பிங்னு இன்னொண்ணு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ, மடிப்பாக்கத்துலேர்ந்து அண்ணா நகர்னா கத்திப்பாராவ தாண்டறதுக்குள்ளயே புள்ளைக்கு வேற டென்ஷன் வந்துடும், போயிட்டு வந்து தலையில ஒட்டின பசைய கழுவி காயவெச்சு உக்காரும்போது மணி ஒம்போது. கலர் கலரா ஒரு மூளைப் படத்தக் காட்டி "பாருங்க இங்க சிவப்பா இருக்கு"ன்னா எந்தத் தாயும் கார்ட எடுத்துடுவாங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். பதட்டம் இருக்கா இல்லயான்னு அந்தப் படத்த வெச்சு யாரும் முடிவு பண்ணக் கூடாது, பேசிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

அப்ப யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒழுங்கான தெரபி ஏற்கனவே போயிட்டிருக்கு, பணம் கையைக் கடிக்கல, புள்ளைக்கு மிஷின்னா ஆசை, வாயத் தொறந்து பேசறதுதான் கஷ்டம், அப்படின்னா கூடுதலா வெச்சுக்கலாம். ஆனா மொத்தமா கட்டாதீங்க, சிட்டிங்குக்கு சிட்டிங் குடுங்க. ஒத்துக்கலன்னா அதுவே ஒரு பதில்.

பிரெயின் கேம் ஆப்

ஞாபகசக்தி கேம், புதிர், வேகமா அமுக்கற கேம் எல்லாம் விளையாடினா அந்த கேம்ல கெட்டிக்காரர் ஆவீங்க, அது உண்மை. வெளிய வாழ்க்கைக்கு அது வராதுங்கறதும் திரும்பத் திரும்ப பாத்தாச்சு. லுமோசிட்டின்னு ஒரு பெரிய கம்பெனி, படிப்புலயும் வேலையிலயும் கெட்டி ஆவீங்கன்னு விளம்பரம் பண்ணினதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு அமெரிக்க வணிக ஆணையம் கேஸ் போட்டு, 2016ல 20 லட்சம் டாலர் கட்டி தீத்துக்கிட்டாங்க.

பதட்டத்துக்குன்னே ஒரு வகை இருக்கு. திரையில ரெண்டு முகம் வரும், ஒண்ணு கோவமா ஒண்ணு சாதாரணமா, சாதாரண முகம் இருந்த பக்கத்துல புள்ளி வரும், அத அமுக்கணும், இப்படி ஆபத்த தேடற கண்ண வேற பக்கம் திருப்பப் பழக்கறது. யோசனை நல்லாத்தான் இருக்கு, ரிசல்ட் ஒரு ஆய்வுல வருது அடுத்ததுல வரல.

மறைஞ்சிருக்கற செலவு: ஃப்ரீ ட்ரையல் முடிஞ்சதும் வருஷ சந்தா தானா பிடிச்சுக்கும், அத விடப் பெருசு, ராத்திரி ஃபோன எடுத்துட்டுப் படுக்கறதுக்கு இப்ப டாக்டர் சீட்டு மாதிரி ஒரு காரணம் கெடச்சாச்சு. "அம்மா நான் பிரெயின் ஆப்தான் பாக்கறேன்." சரிம்மா. மூச்சு நேரம் காட்டற ஆப், மனசுல ஓடற எண்ணத்த எழுதி வைக்கற ஆப் இதெல்லாம் வேற ரகம், தெரபிக்கு துணையா வெச்சுக்க நல்லதுதான்.

மூச்சும் ஹார்ட் ரேட் பயோஃபீட்பேக்கும்

நியூரோஃபீட்பேக்கோட தங்கச்சி மாதிரி ஒண்ணு, ஆனா விலை ரொம்பக் கம்மி. விரல்லயோ காது மடல்லயோ ஒரு சென்சார், நாடித்துடிப்பு எப்படி ஏறி எறங்குதுன்னு திரையில தெரியும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சுன்னு நிதானமா விட்டா அந்தக் கோடு அழகா அலையா ஆகும். 2017ல 24 ஆய்வுகள சேத்துப் பாத்தப்ப பதட்டமும் ஸ்ட்ரெஸ்ஸும் நல்லாவே கொறைஞ்சதுன்னு வந்துச்சு, பெரும்பாலும் பெரியவங்ககிட்ட பண்ணினது, அத ஞாபகம் வெச்சுக்கணும்.

எனக்கு இது பிடிக்கறதுக்குக் காரணம், சென்சார் இல்லாமலும் பண்ணலாம். கடிகாரத்துல நாலு செகண்ட் உள்ள, ஆறு செகண்ட் வெளிய, பத்து நிமிஷம், காசு பூஜ்ஜியம். எக்ஸாம் ஹாலுக்குள்ளயும் கொண்டு போகலாம், நம்ம பொதுத்தேர்வுல 10 மணிக்கு கேள்வித்தாள் குடுத்து மொத 10 நிமிஷம் படிக்க மட்டும் விடறாங்க இல்ல, நெறைய பசங்களுக்கு தலை சுத்தறதே அந்த 10 நிமிஷத்துலதான், அங்கயே பண்ணலாம் யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு பொறி இருக்கு. "மூச்சு சரியானாத்தான் பேனாவ எடுப்பேன்"னு ஆயிடக் கூடாது. சில பசங்க அப்படி ஆயிடறாங்க, படபடப்பு சுத்தமா போகணும்னு காத்திருக்காங்க, போகாது, டைம் போகுது. படபடப்போடவே எழுதலாம்னு அடுத்த படி வேணும், அது கீழ சிபிடில வருது.

யோகா, மைண்ட்ஃபுல்னஸ்

மாமியார் சொன்னத தள்ளிவிட மாட்டேன். ஆனா ஸ்கூல்ல எல்லாரையும் கண்ண மூட வெக்கற கிளாஸ் வேற, விருப்பப்பட்டு போறது வேற. பிரிட்டன்ல 85 பள்ளிக்கூடத்துல 8000 பசங்களுக்கு மேல வெச்சு மைண்ட்ஃபுல்னஸ் பாடம் நடத்திப் பாத்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு, வழக்கமா நடத்தற பாடத்த விட பிரயோஜனம் எதுவும் இல்ல. பசங்க வீட்டுல பயிற்சியே பண்ணல, போரடிக்குதுன்னுட்டாங்க. நம்ம ஊர்ல ஆளுக்குத் தகுந்த மாதிரி தனியா சொல்லித்தர்ற எடம் இருக்கு, தேசிகாச்சார் 1976ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழிதான். லேசான பதட்டம், தூக்கம் சரியில்ல, புள்ளைக்கே ஆசை, அப்படின்னா போகலாம். வாந்தி எடுக்கற அளவுக்குப் போனா யோகா மட்டும் போதாது.

சிபிடி, அதாவது பயத்து பக்கமே படிப்படியா போறது

இதுதான் என் கட்சின்னு இதுக்குள்ள புரிஞ்சிருக்கும். மூளைக்குப் பயிற்சின்னு சொன்னா நெஜமான பயிற்சி இங்கதான் நடக்குது, ஏன்னா பயந்த விஷயத்தையே வெச்சுப் பழக்கறாங்க. பதட்டத்த வளக்கறது தப்பிச்சு ஓடறதுதான். வயித்து வலின்னு லீவு போட்டா பத்து மணிக்கு வலி போயிடும், "தப்பிச்சோம்"னு மூளை குறிச்சு வெச்சுக்கும், அடுத்த டெஸ்டுக்கு வலி இன்னும் சீக்கிரம் வரும்.

மடிப்பாக்கத்துப் பொண்ணுக்கு ஒரு தெரபிஸ்ட் எப்படி ஏணி போடுவாங்கன்னு சொல்றேன். மொதப் படி, ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுலயே டைமர் வெச்சு கால் மணி நேரம் பழைய கேள்வித்தாள். அப்புறம் டியூஷன்ல நாலு பேர் நடுவுல. அப்புறம் அம்மாவுக்கு ஃபோன் பண்ணாம ஒரு யூனிட் டெஸ்ட். அப்புறம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, தெரிஞ்ச ஒரு 2 மார்க் கேள்விய வேணும்னே விட்டுட்டு வர்றது, என்ன ஆகுதுன்னு பாக்கறது. நூத்துக்கு நூறு வாங்கற பொண்ணுக்கு அது பரமபத ஏணியில கடைசிப் படி. ஒவ்வொரு படியிலயும் படபடப்பு ஏறும், ஆனா தப்பிச்சு ஓடாம நின்னா எழுதறதுக்கு அது தடையா இருக்காதுன்னு அவளே பாக்கறா. இத யாரும் அட்வைஸா சொல்லிப் புரிய வெக்க முடியாது.

ஆதாரம்? 2008ல வந்த அமெரிக்க ஆய்வு, 7லேர்ந்து 17 வயசு வரைக்கும் 488 பேர், பதட்டம்னு டாக்டரே உறுதி பண்ணினவங்க. 12 வாரம். சிபிடி மட்டும் எடுத்தவங்கள்ல ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நல்லா தேறினாங்க, செர்ட்ராலின்ங்கற பதட்ட மாத்திரை மட்டும் எடுத்தவங்க 55, ரெண்டும் சேத்து எடுத்தவங்க 81, டம்மி மாத்திரை 24. நூத்துல நாப்பது பேருக்கு சிபிடி மட்டும் பத்தலங்கறதும் இதுலயே இருக்கு, அத மறைக்க வேண்டாம். ஆனா பன்னெண்டு வாரம்னு ஒரு முடிவு இருக்கு பாருங்க, முடிவில்லாம போற பேக்கேஜ் இல்ல.

இதுக்கும் மறைஞ்சிருக்கற செலவு இருக்கு. சரியான ஆள கண்டுபிடிக்கறதே பெரும்பாடு, "கவுன்சிலர்"னு யார் வேணா போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும், ஆர்சிஐ நம்பர் கேளுங்க, சங்கடப்படாம காட்டுவாங்க. மொத நாளே "எக்ஸ்போஷர் (மேல சொன்ன ஏணி மாதிரி பயத்துக்கிட்ட படிப்படியா போறது) பண்ணுவீங்களா, வீட்டுப் பயிற்சி குடுப்பீங்களா"ன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா, இல்ல மணிக்கணக்கா "பாசிட்டிவா யோசிம்மா"ன்னு மட்டும் சொன்னாங்கன்னா அது சிபிடி இல்ல, அட்வைஸ். தமிழ்ல பேச வசதியான்னும் பாருங்க, வீட்டுல தமிழ் பேசற புள்ள பயத்த இங்கிலீஷ்ல சொல்லும்போது பாதி உள்ளயே நின்னுடும். அப்புறம் மொத ரெண்டு மூணு வாரம் புள்ள அதிகமா அழும், பயத்துக்கிட்ட போகுது இல்ல, அப்ப பெத்தவங்க மனசு தாங்காம நிறுத்திடறதுதான் நெறைய வீட்டுல நடக்குது.

பணம் இல்லன்னா கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில ஓபி இருக்கு, செலவு கிடையாது, கூட்டமும் காத்திருப்பும் இருக்கு. கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே மூஞ்ச சுளிக்கறவங்க இன்னும் இருக்காங்க, அவங்க சொல்றத கேட்டுட்டு 80,000 கட்டாதீங்க. அண்ணா நகர் பக்கம் ஸ்கார்ஃப்னு ஒரு மனநல தொண்டு நிறுவனம் 1984லேர்ந்து இருக்கு.

மாத்திரை

பிரெயின் ட்ரெயினிங் இல்லதான், ஆனா ஒப்பிடும்போது விட முடியாது. மேல சொன்ன நம்பர்லயே தெரியுது, கடுமையா இருந்தா ரெண்டும் சேந்ததுதான் பெஸ்ட். சைக்கியாட்ரிஸ்ட் மட்டும்தான் எழுதணும், வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்ப வாரங்கள்ல புள்ளையோட மனநிலைய கிட்ட இருந்து கவனிக்கணும் (இளவயசுக்காரங்களுக்கு தற்கொலை எண்ணம் வரலாம்னு 2004லேர்ந்து அமெரிக்காவுல அட்டையிலயே எச்சரிக்கை போடறாங்க), நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தக் கூடாது.

மிட் பிரெயின், விரல்ரேகை டெஸ்ட்

மிட் பிரெயின் கிளாஸ்ல கண்ணக் கட்டிட்டு கலர் சொல்றாங்களே, அது மூக்கோரத்து சந்துல எட்டிப் பாக்கறது. விரல்ரேகைய வெச்சு பதட்டத்த கண்டுபிடிக்க முடியாது. அடுத்த தலைப்புக்குப் போங்க.

சரி, யாருக்கு எது

டெஸ்ட் அன்னைக்கு மட்டும் லேசா படபடப்பு, மத்தபடி சாப்பாடு தூக்கம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சரியா இருக்குன்னா தூக்கமும் மூச்சுப் பயிற்சியும் ஒரு மாசம் பாருங்க, யாருக்கும் பணம் குடுக்க வேண்டாம். வாந்தி, லீவு, அழுகைன்னு வாழ்க்கைய மறிக்குதுன்னா சிபிடி, மூச்சுப் பயிற்சி துணைக்கு. மடிப்பாக்கம் அக்கா, உங்க பொண்ணு இங்கதான் வர்றா, அந்த 80,000ல ரெண்டு ரவுண்டு தெரபி பாத்துட்டு மிச்சமும் இருக்கும். மூணு மாசத்துல அசையலன்னா சைக்கியாட்ரிஸ்ட், மாத்திரை பத்தி பேச. பொதுத்தேர்வுக்கு மூணே வாரம்தான் இருக்குன்னா எதையும் புதுசா பெருசா ஆரம்பிக்காதீங்க, மூச்சும் தூக்கமும் ஸ்கூல் கவுன்சிலரும் வெச்சு ஓட்டிட்டு, லீவுல ஆரம்பிங்க, ஏணியில நிதானமா ஏற லீவுதான் வசதி.

கடைசியா அதிகம் பேர் கேக்கறது, "என் பையன் எங்கயும் வர மாட்டேங்கறான்." இழுத்துட்டுப் போகாதீங்க, நீங்க மட்டும் போங்க. யேல் பல்கலைக்கழகத்துல ஈலி லெபோவிட்ஸ் குழு, புள்ளைய பாக்காம பெத்தவங்கள மட்டும் உக்கார வெச்சு ட்ரெயின் பண்ற ஒரு முறைய உருவாக்கி, 2020ல 124 குடும்பத்துல சிபிடியோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் சமமா வேலை செஞ்சிருக்கு. அந்த ஆய்வுப் பசங்க 14 வயசு வரைக்கும்தான், ஆனா சொல்லித்தர்றது பதினேழு வயசு வீட்டுலயும் செய்யக்கூடியதுதான்: பயத்துக்காக நீங்க பண்ணித்தர்ற சலுகைங்கள ஒவ்வொண்ணா கொறைக்கறது. அவனுக்காக மிஸ்ஸுக்கு நீங்க ஃபோன் பண்றது, பத்து தடவ "ஒண்ணும் ஆகாதுடா"ன்னு சொல்றது, லீவு லெட்டர் எழுதறது. எத மொதல்ல நிறுத்தப் போறீங்கன்னு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிட்டு, "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும், உன்னால தாங்க முடியும்னும் தெரியும்"னு சொல்லிட்டு நிறுத்தணும். சைக்காலஜிஸ்ட்ட அப்பாயின்ட்மெண்ட் கேக்கும்போதே "பையன் வரமாட்டான், நாங்க மட்டும் வரலாமா"ன்னு கேட்டுடுங்க. அப்பாவும் கூட வரணும்.